கதவில் எழுதிய எண்கள்

இம் மலரைப் படிக்கும் நண்பர்களுள் லாரி ஓட்டப் போகின்றவர் எவருமிலர் என்றே நினைக்கிறேன். ஆனால், இன்ன லாரியில் இன்ன சுமையை ஏற்றுக என்று சீட்டில் கையொப்பமிடப் போகின்றவர் பலர் உளர். பொறியியல் கற்போர் சாக்கனிலோ தளேகாவிலோ ஒரு தொழிற்சாலையில் பணியேற்பர். மண்ணியல் கற்போர் ஆழ்துளைக் கிணறு தோண்டும் களத்தில் நிற்பர். கட்டடத் துறையினரைப் பற்றிச் சொல்லவே வேண்டுவதில்லை. நாம் இடுகின்ற அக் கையொப்பத்தின் பாரத்தை வேறொருவர் மலைச்சரிவில் இறக்கியாக வேண்டும். புனே நகரைச் சுற்றியுள்ள சாலைகளில் அவர் பல வேளைகளில் நம் நாமக்கல், சங்ககிரி, திருச்செங்கோட்டுப் பக்கத்தவராகவே இருக்கிறார். நமக்கும் அவருக்கும் நடுவில் நிற்பவை லாரியின் கதவில் வண்ணத்தில் எழுதிய சில எண்கள். அவ்வெண்கள் எங்கிருந்து வந்தன, அவற்றை மீறினால் கெடுவது எது, அவ்வண்டியை ஓட்ட உரிமை உடையவர் யார் என்பவற்றை இக் கட்டுரையில் காண்போம்.

எந்தச் சரக்கு லாரியையும் அருகில் சென்று பாருங்கள். கதவிலோ உடற்கட்டின் பக்கத்திலோ மூன்று எடைகள் எழுதப்பட்டிருக்கும். ஒன்று வெற்று வண்டியின் எடை. மற்றொன்று சுமையோடு கூடிய மொத்த எடை. முன்னதைப் பின்னதிலிருந்து கழித்தால் வருவது மூன்றாவது. ஏற்றத்தக்க சுமை அதுவே. மொத்த எடைக்கு 'ஆர்.எல்.டபிள்யூ.' என்னும் எழுத்துகள் இன்றும் பல வண்டிகளில் காணப்படுகின்றன. அது 1939ஆம் ஆண்டின் மோட்டார் வண்டிச் சட்டம் தந்த பெயர். 1989 ஜூலை முதல் நாள் நடைமுறைக்கு வந்த 1988ஆம் ஆண்டுச் சட்டம் அதனை 'மொத்த வண்டி எடை' என மாற்றியது. சட்டம் மாறி முப்பது ஆண்டுகளுக்கு மேலாகியும் வண்ணம் பூசுவோர் மாற்றவில்லை!

இச் சட்டத்தின் சொற்களைச் சிறிது கவனிக்க வேண்டும். மொத்த வண்டி எடை என்பது, இவ்வண்டிக்கு இவ்வளவு தகும் என்று பதிவு அதிகாரி சான்றளித்துப் பதிந்த எடை. எடை மேடையில் ஏறி நின்றால் காட்டும் எடையன்று. வெற்றெடையின் விளக்கம் இதனினும் சுவையானது. வண்டி வேலை செய்யும்போது வழக்கமாக அதனோடு இருக்கும் கருவிகள் எல்லாவற்றையும் சேர்த்தே வெற்றெடை காண வேண்டும். ஓட்டுநரும் உதவியாளரும் மட்டும் அதில் சேரார். திருச்செங்கோட்டிலிருந்து புறப்பட்டு மராட்டிய நாட்டு வறண்ட ஊர்களில் எல்லாம் துளையிட்டு வரும் ரிக் வண்டியை நினைத்துப் பாருங்கள். அதன் கோபுரமும் துளையிடும் பொறிகளும் ஒருநாளும் கீழே இறங்குவதில்லை. சாதாரண லாரி போகும்போது பாரமும் வரும்போது வெறுமையுமாக ஓடும். ரிக் வண்டிக்கு வெறுமை என்பதே கிடையாது. அதன் டயரும் பிரேக்கும் இரவு பகல் ஓய்வறியா.

இனி, இவ்வெண்களை முடிவு செய்வது எது? நிக்டியிலுள்ள டிரான்ஸ்போர்ட் நகரில் சங்ககிரிக்காரர் ஒருவரோடு பேசிக் கொண்டிருந்தேன். இருபது ஆண்டுகளாக ஓட்டுகிறவர். "தம்பி, நீங்க படிச்சவங்க, சொல்லுங்க. இருபத்தஞ்சு டன் ஏத்துனாலும் எஞ்சின் இழுக்குதுங்களே. இழுக்கறப்போ பதினெட்டரைன்னு எழுதி வெச்சா என்னங்க அர்த்தம்?" என்றார். "இழுக்கிறது எஞ்சின் அண்ணா, தாங்குறது வேற ஆளு" என்றேன். அவர் சிரித்தார். வினா நியாயமானதே. எஞ்சினின் ஆற்றலுக்கும் கதவின் எண்ணுக்கும் உள்ள உறவு மிகச் சிறிது. ஆற்றல் குறைந்த எஞ்சினும் தாழ்ந்த கியரில் பெரும்பாரத்தை மெல்ல இழுத்துவிடும்.

எண்ணை முடிவு செய்வன நான்கு. டயர் தாங்கும் அளவு ஒன்று. அச்சும் அதனைத் தாங்கும் ஸ்பிரிங் பட்டைகளும் தாங்கும் அளவு மற்றொன்று. பிரேக் நிறுத்த வல்ல அளவு இன்னொன்று. இவற்றை வண்டி செய்வோர் கணக்கிட்டுச் சொல்வர். சோதனைச் சாலை சரிபார்க்கும். நான்காவது, சாலையைக் காப்பதற்காக அரசு வகுத்த எல்லை. இந் நான்கில் எது மிகக் குறைவோ அதுவே கதவில் ஏறும்.

அத்தகைய சோதனைச் சாலைகளுள் ஒன்று நம் ஊரிலேயே இருப்பதை நண்பர்கள் பலர் அறியார். 1966இல் தோன்றிய இந்திய மோட்டார் வண்டி ஆராய்ச்சிக் கழகம், கோத்ரூட் பக்கத்து வேதாள் குன்றின்மேல் இருக்கிறது. விக்கிரமாதித்தன் தோளில் ஏறிக்கொண்டு இறங்க மறுத்த அதே வேதாளத்தின் பெயர்தான். சுமை தாங்கும் திறனைச் சோதிக்க இதனினும் பொருத்தமான இடம் கிடைத்திராது.

டயரை எடுத்துக்கொண்டு ஒரு கணக்குப் பார்ப்போம். இக் கட்டுரையில் டன் என்பது 1000 கிலோகிராம். டயரின் பக்கச் சுவரில் 146/143 என்பது போல் இரண்டு எண்கள் இருக்கும். அவை சுமைக் குறியீட்டெண்கள். 146 என்பது, அந்த டயர் தனியே நிற்கும்போது 3000 கிலோகிராம் தாங்கும் என்பதைக் குறிக்கும். 143 என்பது, இரட்டையாகச் சேர்ந்து நிற்கும்போது ஒவ்வொன்றும் 2725 கிலோகிராம் தாங்கும் என்பதைக் குறிக்கும். இரட்டையில் ஏன் குறைவு? சாலையின் வளைவும் காற்றின் வேறுபாடும் காரணமாக இரண்டும் ஒரே அளவு சுமப்பதில்லை. நடுவில் வெப்பமும் தேங்கும். முன் அச்சில் இரண்டு டயர்களும் பின் அச்சில் நான்கும் உள்ள ஆறு சக்கர லாரியில் இந்த டயரைப் பூட்டினால், முன்னால் 6 டன்னும் பின்னால் 10.9 டன்னும் தாங்கும். இனி அரசின் எல்லையைப் பாருங்கள். 1996ஆம் ஆண்டு அறிவிக்கையின்படி முன் அச்சுக்கு 6 டன், நான்கு டயர் உள்ள தனிப் பின் அச்சுக்கு 10.2 டன். ஆக 16.2 டன். 2018 ஜூலை 16ஆம் நாள் அறிவிக்கை முன் அச்சை 7 டன்னாகவும் பின் அச்சை 11.5 டன்னாகவும் உயர்த்தியது. ஆக 18.5 டன். அரசின் எல்லை ஏறிவிட்டது. ஆனால் மேற்கண்ட டயரின் சுவரில் உள்ள எண் ஏறவில்லை! பழைய டயரோடு புதிய எல்லைவரை ஏற்றுகிறவர் சட்டத்தைப் பார்த்தாரே தவிர டயரைப் பார்க்கவில்லை.

அதே அறிவிக்கையால், இரட்டை அச்சுத் தொகுதி 19இலிருந்து 21 டன்னாகவும், மூவச்சுத் தொகுதி 24இலிருந்து 27 டன்னாகவும், டிரெய்லர் லாரியின் உச்ச எல்லை 49இலிருந்து 55 டன்னாகவும் உயர்ந்தன. அமெரிக்க நாட்டில் மாநிலங்களுக்கு இடையேயான பெருஞ்சாலைகளில் பொது எல்லை 80,000 பவுண்டு, அஃதாவது 36 டன்னுக்குச் சிறிது மேல். நாம் அவர்களைவிடப் பெருந்தன்மை உடையவர்கள் போலும்.

மொத்தம் சரியாக இருந்தால் போதாது, அச்சுக்கு அச்சு சரியாக இருக்க வேண்டும் என்பதே மாணவர் மனத்தில் பதிய வேண்டிய செய்தி. வலியறிதல் என்னும் அதிகாரத்தில் மயிற்பீலி ஏற்றிய வண்டியைப் பற்றி வள்ளுவர் சொன்னதை நாம் அனைவரும் பள்ளியில் படித்திருக்கிறோம். பொருளின் மென்மையைப் பற்றியே ஆசிரியர்கள் விளக்குவர். எனக்கு அதில் வியப்பாய்த் தோன்றுவது வேறு. மாடு களைத்தது என்றோ சக்கரம் புதைந்தது என்றோ அவர் சொல்லவில்லை. முறிவது அச்சு என்றார். வண்டியைக் கூர்ந்து நோக்கியவரின் பேச்சு அது.

ஓர் எடுத்துக்காட்டு. முன் அச்சுக்கும் பின் அச்சுக்கும் இடையே 5 மீட்டர் உள்ள ஒரு லாரி. வெற்றெடை 6.5 டன், அதில் முன் அச்சில் 3.5, பின் அச்சில் 3. இதில் 12 டன் எடையுள்ள மண் அழுத்தும் ரோலர் ஒன்றை ஏற்றுகிறோம். மொத்தம் 18.5 டன், சட்டப்படி மிகச் சரி. ரோலரின் எடைமையம் பின் அச்சுக்கு 1 மீட்டர் முன்னால் அமைந்ததாகக் கொள்வோம். நெம்புகோல் விதிப்படி சுமையில் ஐந்தில் நான்கு பங்கு, அஃதாவது 9.6 டன், பின் அச்சில் விழும். பின் அச்சின் மொத்தம் 12.6 டன், எல்லையை 1.1 டன் கடந்துவிட்டது. முன் அச்சிலோ 5.9 டன்தான்; இடம் மிச்சம். அதே ரோலரை 46 சென்டிமீட்டர் முன்னே தள்ளி, எடைமையத்தை 1.46 மீட்டரில் நிறுத்துக. இப்போது பின் அச்சில் 11.5, முன் அச்சில் 7. இரண்டும் எல்லையில் நிற்கின்றன. ஏற்றும்போது ஒரு முழம் முன்னே பின்னே நின்றதற்கு இவ்வளவு வேற்றுமை! எடைச் சீட்டு இரண்டிலும் 18.5 என்றே காட்டும். அச்சு அச்சாக நிறுத்தி எடை போட்டாலன்றி இக் குற்றம் வெளிப்படாது. பின்னால் மிகுந்தால் முன் சக்கரம் இலேசாகி ஸ்டியரிங் பிடிப்பை இழக்கும் என்பதை ஓட்டுநர்கள் கணக்கின்றியே அறிவர்.

அச்சின் பாரம் சாலைக்கு என்ன செய்யும் என்பதை அறிய, அமெரிக்காவில் இல்லினாய் மாநிலத்து ஒட்டாவா என்னும் ஊரருகே 1958 முதல் 1960 வரை ஒரு பெருஞ்சோதனை நடந்தது. வெவ்வேறு கனமுள்ள சாலை வளையங்களை அமைத்து, படைவீரர்களைக் கொண்டு வெவ்வேறு சுமையேற்றிய லாரிகளை இரண்டாண்டுகள் சுற்றிச் சுற்றி ஓட்டினார்கள். சாலைக்கு நேரும் கேடு அச்சுச் சுமையின் நான்காம் படியை ஒட்டி ஏறுகிறது என்னும் விதி அதிலிருந்து பிறந்தது. சுமை இரு மடங்கானால் கேடு 16 மடங்கு. நம் நாட்டில் இந்தியச் சாலைகள் காங்கிரஸின் வழிகாட்டு நூலும் இதையே பின்பற்றுகிறது. நான்கு டயர் உள்ள தனி அச்சுக்கு 80 கிலோநியூட்டனை அது அளவுகோலாக வைத்திருக்கிறது. (மோட்டார் சட்டம் எடையைக் கிலோகிராமில் சொல்ல, சாலை நூல் நியூட்டனில் சொல்கிறது. பௌதிக மாணவன் பின்னதன் பக்கம்.) இவ்வளவுகோலின்படி 10.2 டன் அச்சு ஒருமுறை கடந்தால் கேடு 2.4 அலகு. 11.5 டன்னுக்கு ஏறத்தாழ 4. களவாக 15 டன் ஏற்றினால் 11.4.

2018இன் உயர்வைப் பற்றி ஒரு சொல். பின் அச்சின் சுமை எட்டில் ஒரு பங்கு ஏறியதற்குக் கேடு 62 விழுக்காடு ஏறுகிறது. ஒரே சரக்கைக் குறைந்த நடைகளில் கொண்டு போகலாமே என்று கேட்கலாம். அதையும் கணக்கிட்டேன். வெற்றெடை 6.5 டன் என்றால் சுமை 9.7இலிருந்து 12 டன்னாகிறது. அவ்வாறு பகுத்தாலும், ஒரு டன் சரக்கைச் சேர்ப்பதற்குப் பின் அச்சு சாலைக்குத் தரும் கேடு 31 விழுக்காடு கூடுதல். அதற்கு முன்பும் எல்லோரும் மிகுதியாகத்தானே ஏற்றினார்கள், நடப்பதைச் சட்டமாக்கினால் என்ன என்பார் உளர். நடப்பதைச் சட்டமாக்கினால், நடப்பது அடுத்த படிக்குப் போகும் என்பது என் ஐயம்.

சாலை கெட்டால் மீண்டும் போடலாம். பிரேக் கெட்டால்? லோணாவளாவிலிருந்து கோபோலிக்கு இறங்கும் போர் மலைவழியில் உயர வேறுபாடு 500 மீட்டருக்கு மேல். புனேயின் சரக்கு மும்பைத் துறைமுகங்களை அடைவது இவ்வழியாகத்தான். 55 டன் டிரெய்லர் 500 மீட்டர் இறங்கினால் அது இழக்கும் நிலையாற்றல் ஏறத்தாழ 270 மெகாஜூல். வேகம் கூடாமல் இறங்க வேண்டுமாயின் இவ்வாற்றல் முழுவதும் எங்கேனும் வெப்பமாக வேண்டும். 920 லிட்டர் தண்ணீரை 30 பாகையிலிருந்து கொதிநிலைக்குக் கொண்டுவரும் வெப்பம் இது. தாழ்ந்த கியரில் இறங்கினால் எஞ்சினின் எதிர்ப்பு இதில் பெரும்பங்கை ஏற்றுக்கொள்ளும். டீசலை மிச்சம் பிடிக்க நியூட்ரலில் விட்டால் எல்லாம் பிரேக் டிரம்மின் தலையில். டிரம் சூடேறினால் விரியும்; லைனிங்கின் உராய்வு குறையும்; மிதித்தாலும் பிடிக்காது. எஞ்சினையே நிறுத்திவிட்டால் இன்னும் கேடு: காற்றுப் பிரேக்குக்குக் காற்றைத் தரும் கம்பிரஸர் எஞ்சினால் ஓடுவது. நான்கைந்து முறை மிதித்ததும் தொட்டியில் அழுத்தம் இறங்கிவிடும். நம் ஊரிலேயே காத்ரஜ் புதிய சுரங்கத்திலிருந்து நவலே பாலம்வரை இறங்கும் சரிவு இத்தகைய விபத்துகளுக்குப் பேர்பெற்றது. 2022 நவம்பர் 20ஆம் நாள் இரவு அங்கே ஒரு லாரி முன்னே சென்ற பல வண்டிகளை வரிசையாக மோதியது. அவ்வழியே பேருந்தில் செல்லும் நண்பர்கள் அச் சரிவில் லாரிகள் எந்தக் கியரில் இறங்குகின்றன என்பதைக் காதால் கேட்டே அறியலாம். உறுமிக்கொண்டு மெல்ல இறங்குவது நல்ல லாரி. ஓசையின்றி வழுக்கி வருவதைக் கண்டால் ஒதுங்குக.

இனி உரிமத்துக்கு வருவோம். கார் ஓட்டும் லைசென்ஸ் வைத்திருப்பவர் எந்த அளவு லாரிவரை ஓட்டலாம்? சட்டத்தில் இலகு மோட்டார் வண்டியின் எல்லை 7500 கிலோகிராம். சரக்கு வண்டியானால் மொத்த எடையையும், காரோ டிராக்டரோ ஆனால் வெற்றெடையையும் வைத்து இதை அளக்க வேண்டும். 12,000 கிலோகிராமுக்கு மேற்பட்ட மொத்த எடையுள்ளது கனரகச் சரக்கு வண்டி, இடைப்பட்டது நடுத்தரம். 1994இல் வந்த திருத்தம் உரிமத்தில் இருந்த நடுத்தர, கனரகப் பிரிவுகளை எல்லாம் நீக்கிப் 'போக்குவரத்து வண்டி' என்னும் ஒரே பிரிவாக்கியது. அதிலிருந்துதான் குழப்பம் தொடங்கிற்று. 3 டன் எடையுள்ள சிறிய சரக்கு வண்டி இலகு வண்டியும் ஆகும். வாடகைக்குச் சரக்கு ஏற்றுவதால் போக்குவரத்து வண்டியும் ஆகும். கார் லைசென்ஸ் மட்டும் உள்ளவர் அதை ஓட்டி விபத்து நேர்ந்தால், உரிமமின்றி ஓட்டினார் என்று சொல்லி இன்ஷுரன்ஸ் நிறுவனங்கள் கைவிரித்தன. 2017இல் உச்ச நீதிமன்றத்தின் மூவர் அமர்வு ஓட்டுநருக்குச் சார்பாகத் தீர்ப்பளித்தது. அது மீண்டும் ஆராயப்பட்டு, 2024 நவம்பர் 6ஆம் நாள் ஐவர் கொண்ட அரசமைப்பு அமர்வு அதையே உறுதி செய்தது. ஆகவே இன்று, 7500 கிலோகிராமுக்கு மேற்படாத சரக்கு வண்டியை இலகு வண்டி லைசென்ஸைக் கொண்டே ஓட்டலாம். தனி மேலெழுத்து வேண்டுவதில்லை. நச்சுப் பொருளும் எரிபொருளும் ஏற்றும் வண்டிகளுக்கு இச் சலுகை கிடையாது. பிரிட்டனிலும் 1997க்கு முன் கார்த் தேர்வில் வென்றவர்கள் இதே 7.5 டன்வரை ஓட்டலாம் என்பது வேடிக்கையான ஒற்றுமை.

7500க்கு மேற்பட்டால், போக்குவரத்து வண்டி உரிமம் வேண்டும். அதற்கு வயது 20 நிரம்பியிருக்க வேண்டும். இலகு வண்டி உரிமம் பெற்று ஓராண்டாவது ஆன பின்னரே பழகுநர் உரிமம் கேட்க முடியும். ஒருமுறை பெற்றால் ஐந்தாண்டு செல்லும். 2019ஆம் ஆண்டுத் திருத்தத்துக்கு முன் மூன்றாண்டுதான். எட்டாம் வகுப்புத் தேறியிருக்க வேண்டும் என்றிருந்த விதியும் 2019இல் நீங்கியது. படிப்பைப் பாதியில் விட்டு கிளீனராக லாரியில் ஏறிய நம்மவர் பலருக்கு அது பெரிய தடையாக இருந்தது. நாமக்கல்லின் எரிவாயு டேங்கர் ஓட்டுநர்களுக்கு மற்றொரு விதி: தனிப் பயிற்சிச் சான்றிதழோடு, அரசமைப்பின் எட்டாம் அட்டவணையிலுள்ள ஏதேனும் ஒரு மொழியிலும் ஆங்கிலத்திலும் எழுதப் படிக்கத் தெரிந்திருக்க வேண்டும். அவ்வட்டவணையில் தமிழ் உண்டு. மராட்டியோ இந்தியோ தெரியவில்லை என்பது இங்கே குறையாகாது. இதைத் தெரிந்துகொள்ளாமல் தயங்கி நிற்கும் ஓட்டுநரைக் கண்டால் எடுத்துச் சொல்வது நம் கடன்.

உரிமம் தவறாயிருந்தால் அடிபட்டவர் கதி என்ன? 2004ஆம் ஆண்டின் உச்ச நீதிமன்றத் தீர்ப்பு ஒன்று, முதலில் இன்ஷுரன்ஸ் நிறுவனமே இழப்பீட்டைக் கொடுத்துவிட்டுப் பின்னர் வண்டிச் சொந்தக்காரரிடம் வாங்கிக்கொள்ளும் வழியைத் திறந்தது. ஒற்றை லாரி வைத்துப் பிழைப்பவருக்கு அப் 'பின்னர்' வரும்போது வீடே போய்விடும்.

எடை மிகுந்தால் வரும் தண்டனை எல்லோரும் அறிந்ததே. 2019 செப்டம்பர் முதல் சட்டத்தில் உள்ள அளவு 20,000 ரூபாயும், மிகுந்த ஒவ்வொரு டன்னுக்கும் 2000 ரூபாயும். எடை போட மறுத்து ஓடினால் 40,000. போகும் வழியில் 10 கிலோமீட்டருக்குள், அல்லது சேருமிடத்திலிருந்து 20 கிலோமீட்டருக்குள் எடை மேடை இருந்தால், வண்டியை அங்கே கொண்டுவரச் சொல்ல அதிகாரிக்கு உரிமை உண்டு. தண்டம் கட்டிவிட்டு அதே சுமையோடு பயணத்தைத் தொடரும் வழக்கம் முன்பு இருந்தது. 2005இல் உச்ச நீதிமன்றம் அது செல்லாது என்றது. மிகுந்த சுமையை இறக்கிய பிறகே வண்டி நகரலாம்.

தண்டிக்கப்படுபவர் யார் என்பதில்தான் நாம் கவனிக்க வேண்டியது இருக்கிறது. ஓட்டியவர் மட்டுமல்லர், ஓட்டச் செய்தவரும், ஓட்ட இடங்கொடுத்தவரும் என்பது சட்டத்தின் சொல். ஓட்டுநர் வேறு, சொந்தக்காரர் வேறு என்றால், சொந்தக்காரர் அறிந்தே நடந்தது என்று நீதிமன்றம் கொள்ளலாம். ஆயினும் நடுச்சாலையில் வெயிலில் நிற்பவர் ஓட்டுநர் ஒருவரே. மேலே சொன்ன சங்ககிரிக்காரர் தமக்கு நேர்ந்த ஒன்றைச் சொன்னார். ஓரிடத்தில் எடை போட்டுச் சீட்டுக் கொடுத்த பிறகு, இன்னும் இரண்டு பெட்டிதானே என்று பின்னால் தூக்கி வைத்தார்களாம். சீட்டு ஒரு எடை சொல்ல, அடுத்த எடை மேடை வேறு சொல்லிற்று. அவர் பேச்சு எடுபடவில்லை. அப் பெட்டிகளை வைக்கச் சொன்னவரும் நம்மைப் போல் ஒரு பட்டதாரியாகத்தான் இருந்திருக்க வேண்டும்.

இதுவரை பகுக்கத்தக்க சுமையைப் பற்றிப் பேசினோம். செங்கல்லோ சர்க்கரை மூட்டையோ மிகுந்தால் மிகுந்ததை இறக்கிவிடலாம். தளேகாவிலும் சாக்கனிலும் செய்யப்படும் மண்வெட்டும் பொறிகள் அப்படிப்பட்டவை அல்ல. நம் ஊரில் இவற்றைப் பொக்லைன் என்றும் ஹிட்டாச்சி என்றும் ஜேசிபி என்றும் கம்பெனிப் பெயராலேயே அழைப்பர். இவற்றுள் ரப்பர்ச் சக்கரம் உள்ளது தானே சாலையில் ஓடலாம். விதிகள் அதனைக் கட்டுமானக் கருவி வண்டி என்று தனியே பிரித்து, 50 கிலோமீட்டர் வேகத்துக்கு மேற்படாமல் சிறிது தொலைவு சாலையில் செல்வது அதன் முதல் தொழிலன்று, இடையில் நேர்வது என்று கொள்கின்றன. இரும்புச் சங்கிலி பூண்டது இவ்வகையில் சேராது. அதை மற்றொரு வண்டிதான் சுமக்க வேண்டும்.

சுமப்பது தாழ்தள டிரெய்லர். அதை இழுக்கும் தலை வண்டியை வடநாட்டு ஓட்டுநர்கள் 'கோடா', அஃதாவது குதிரை என்பர். டிரெய்லருக்குத் தனிப் பதிவு எண் உண்டு. அது பக்கத்தில் எழுதப்பட்டிருக்கும். பின்புறத்திலோ இழுக்கும் வண்டியின் எண் இருக்க வேண்டும். சாலையில் இரண்டு எண்களைக் கண்டு திருட்டு வண்டியோ என்று ஐயுற வேண்டா. இரண்டச்சுக் குதிரையும் மூவச்சு டிரெய்லரும் சேர்ந்தால் எல்லை 7, 11.5, 27 ஆக 45.5 டன். குதிரை 9 டன், டிரெய்லர் 14 டன், பொக்லைன் 21 டன் என்றால் மொத்தம் 44. ஒன்றரை டன் மிச்சம் இருக்கிறதே என்று, பாறை உடைக்கும் 2 டன் பிரேக்கரையும் அதே மேடையில் ஓரமாகக் கிடத்தி அனுப்புவார்கள். எல்லை அரை டன் கடந்துவிட்டது. அதனை வேறு சிறிய லாரியில் அனுப்பச் சொல்வதற்கு ஒரு வரி எழுதினால் போதும்.

எடை சரியானாலும் அகலம் இருக்கிறது. சாலை வண்டியின் அகல எல்லை 2.6 மீட்டர். 20 டன் வகுப்புப் பொக்லைன்களில் பலவற்றின் சங்கிலிகள் 2.8 மீட்டர்வரை அகலுகின்றன. மேடைக்கு வெளியே பக்கவாட்டில் நீட்டிச் செல்வதற்கும் 20,000 ரூபாய் தண்டம் உண்டு. முன்கூட்டியே அளவு மிகுந்த சுமைக்கான இசைவைப் பெற வேண்டும். தேசிய நெடுஞ்சாலைக்கு மைய அரசின் சாலைப் போக்குவரத்து அமைச்சகம் அதனை இணையவழி தருகிறது. 45.5 டன் போதாத பொறிகளுக்கு மூவச்சுக் குதிரையைப் பூட்டலாம். 7, 21, 27 என 55 டன்வரை செல்லும். அதற்கும் மேற்பட்டால் வரிசை வரிசையாக அச்சுகளைக் கோத்த ஹைட்ராலிக் டிரெய்லர்கள் உள்ளன. ஒவ்வோர் அச்சிலும் சுமை சமமாகப் பரவ எண்ணெய் அழுத்தம் அங்கே வேலை செய்யும். பாஸ்கல் விதியைப் பாடத்தில் படித்தோர் ஒருமுறை போய்ப் பார்க்கலாம்.

பெரிய பொக்லைன் ஒன்று எடை மேடையில் 3 டன் மிகுந்து நின்றால், எந்த மூன்று டன்னை இறக்குவது? அனுபவமுள்ளவர்கள் புறப்படும் முன்பே முன்னாலுள்ள வாளியைக் கழற்றுவார்கள். அதுவும் போதாவிட்டால் பின்புறத்தில் பூட்டியிருக்கும் சமன்பாரத்தைக் கழற்றி வேறொரு லாரியில் ஏற்றுவார்கள். அதைக் கழற்றக் கிரேன் வேண்டும். போய்ச் சேரும் இடத்தில் மீண்டும் பூட்டவும் ஒரு கிரேன் வேண்டும். இவ்விரண்டு கிரேன்களையும் சுமைச் சீட்டு எழுதும் நாளிலேயே ஏற்பாடு செய்ய வேண்டும். நெடுஞ்சாலை ஓரத்தில் நள்ளிரவில் அவை கிடைப்பதில்லை.